ஒருத்தி மட்டும் கேட்ட உயில்

உமையம்மாளுக்குப் பேச்சுத்துணையாக இருந்தவர்கள் எல்லாரும் செத்து நானூறு வருஷம் ஆன வெள்ளைக்காரர்கள். சிரிக்க வேண்டாம், உள்ளதுதான். காலையில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு, வாசலைப் பெருக்கி, வெள்ளறடைச் சந்தைக்குப் போகிற பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் போன பிறகு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறப்பாள். அதற்குள் அவர்கள் வந்து காத்திருப்பார்கள். ஒருவன் ஆட்டுக்காரன், ஒருவன் தோல் பதனிடுகிறவன், ஒருத்தி பெரிய வீட்டில் வேலை பார்த்துக் கிழவியானவள். எல்லாருக்கும் ஒரே அவசரம்தான். தங்கள் பொருள் யாருக்குப் போக வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சாக வேண்டும்.

அதுதான் அவள் வேலை. இங்கிலாந்தில் ஒரு கம்பெனி பழைய உயில்களை எல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறது. தங்கள் பாட்டன் பூட்டன் யாரென்று தேடுகிறவர்களுக்காக அவற்றை டைப் அடித்துக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையில் ஒரு பங்கை நெய்யாற்றின்கரையில் இருந்து சிஜி எடுத்து நடத்துகிறாள். சிஜி ஒரு காலத்தில் வெள்ளறடையில் பாரலல் காலேஜ் என்கிற தனியார் டுட்டோரியலில் உமையம்மாளிடம் இங்கிலீஷ் படித்தவள். காலேஜ் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. உமையம்மாளின் கணவர் நீலகண்டன் இறந்து பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுவாரம் வீட்டுக்கு வந்து, "டீச்சர் சும்மா இரிக்கண்டாம், இதைக் கொஞ்சம் நோக்குங்கோ" என்று இந்த வேலையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் வாரம் ஒரு பக்கத்தை வாசிக்க ஒரு பகல் முழுக்க ஆனது. அந்தக் காலத்து எழுத்தில் ஓர் எழுத்து திரும்பி நிற்கும், இன்னொன்று நெட்டையாக வளர்ந்து அடுத்த வரியில் போய் இடிக்கும். ஒரு மாதத்தில் கண் பழகிவிட்டது. சிஜி சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான். இருப்பதை இருக்கிறபடி அடிக்க வேண்டும். பிழையைத் திருத்தக் கூடாது, விட்டுப்போனதை நிரப்பக் கூடாது, கிழிந்த இடத்தில் இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதக் கூடாது.

கேட்கக் கேட்க அவளுக்கு அந்த மனிதர்களின் வழக்கம் பிடிபட்டது. நிலம் என்று இருந்தால் அது பெரும்பாலும் மூத்த மகனுக்கு. இளையவனுக்கு இரண்டு கிடாரி, நாலு ஆடு. மகளுக்கு ஒரு கட்டில், மெத்தை, பித்தளைச் சட்டி. பெண்டாட்டிக்கு மாடியில் ஓர் அறை, அடுப்பங்கரையில் குளிர்காய ஓர் இடம், கிணற்றுக்குப் போக வழி. அதுவும் அவள் மறுபடி கல்யாணம் கட்டாமல் இருக்கிற வரைக்கும். இதை வாசிக்கும்போது உமையம்மாள் வாய்விட்டே கேட்பாள், "எலே ஜானே, முப்பது வருசம் உனக்குச் சோறு வடிச்சவளுக்கு ஒரு அறையாலே?" அந்த உயிலைச் சொன்ன ஜான் பதில் சொல்ல மாட்டான். ஆனாலும் கேட்டது கேட்டதுதான். அந்த வீட்டில் ஒரு குரல் எழும்பியதே பெரிது.

பேச அவளுக்கு வேறு ஆள் இல்லை. பிள்ளை இல்லை. வடக்கு வீட்டுத் தங்கப்பன் ரப்பர் பால் வெட்டப் போகிற வழியில், வீட்டில் இருக்கிறீர்களா என்பதை, "டீச்சரே, உண்டா?" என்று கேட்பார். "உண்டு" என்பாள். அவ்வளவுதான் அன்றைக்குப் பேச்சு. சிஜி வாட்சாப்பில் பெருவிரல் படம் அனுப்புவாள். சில நாட்களில் மாலை விளக்கு வைக்கும்போது தொண்டையைச் செருமினால் அவள் குரலே அவளுக்கு வேற்றுக் குரலாகக் கேட்கும்.

மாசி மாதத் தொடக்கத்தில் வேறு வகைக் கட்டு ஒன்று வந்தது. எழுதாத உயில்கள். நோய் திடீரென்று முற்றிவிட்டது, எழுதத் தெரிந்தவனைக் கூட்டி வர நேரமில்லை என்றால் அந்த நாட்டில் வாயால் சொன்னாலே போதுமாம். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஆள் இறந்தபின் அவர்கள் கிறிஸ்தவத் திருச்சபையின் கோர்ட்டுக்குப் போய்ச் சத்தியம் செய்து, கேட்டதைச் சொல்வார்கள். குமாஸ்தா எழுதிக்கொள்வான். எல்லாமே ஒரே மாதிரித் தொடங்கும்: நினைவிருக்கட்டும், இன்ன மாதத்தில் இன்னார் நோயாகக் கிடந்தபோது, உன் பொருளை யாருக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டதற்கு, இந்தச் சொற்களையோ இதே கருத்துள்ள வேறு சொற்களையோ சொன்னார்.

முதல் தடவை இதை வாசித்தபோது உமையம்மாள் நாற்காலியில் இருந்து எழும்பி அடுக்களைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். ஏனென்றால் அவளும் ஒன்றைக் கேட்டு வைத்திருந்தாள். கேட்டு ஏழு மாதம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

கர்க்கடகம், அதாவது ஆடி மாதம், விடாத மழை. நீலகண்டனை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்து நாலு நாள் ஆகியிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தாலுக்கா ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த மனிதர், ஊரில் உள்ள ஆதாரம் என்கிற நிலப்பத்திரம் எல்லாவற்றிலும் எல்லை சரியா என்று பார்த்துக் கொடுத்தவர், தன் சொத்துக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பிறகு பார்ப்போம் என்று எல்லாரும் நினைப்பது போல அவரும் நினைத்திருப்பார். அன்று காலை பத்து மணி இருக்கும். சாயா கேட்டார். உமையம்மாள் போட்டுக்கொண்டு வந்து, தலையைத் தாங்கிப் பிடித்து இரண்டு மடக்கு கொடுத்தாள். மூன்றாவது மடக்குக்கு வாய் திறக்காமல், ஓட்டில் மழை விழுகிறதைக் கேட்பது போல இருந்துவிட்டுச் சொன்னார்:

"கெழக்க உள்ளது அந்தச் சனியனுக்குக் குடுத்திரு."

உமையம்மாள், "செரி" என்றாள். நோயாளி என்ன சொன்னாலும் சரி என்றுதானே சொல்வோம். நண்பகலுக்கு முன் மூச்சு நின்றுவிட்டது. தூக்கிக் கிடத்த வந்த தங்கப்பன், கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். சாயா கேட்டார் என்று மட்டும் சொன்னாள்.

சனியன் என்றது அவர் தங்கை குமாரியை. உமையம்மாள் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே குமாரி வீட்டை விட்டுப் போய்விட்டாள். கடற்கரை ஊரான பொழியூரில் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கிற ராஜையாவைக் கட்டிக்கொண்டாள். வெங்காயம்கூடக் கணக்குப் பார்த்துச் சேர்க்கிற சைவ வீட்டுப் பெண், கடற்கரையில் போய் மீன் அரிந்து வாழ்கிறாள் என்றால் அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அன்று வாசலில் நின்று நீலகண்டன் அவளைச் சொன்ன வார்த்தைதான் சனியன். பிறகு முப்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் அவள் பேரை யாரும் சொல்லவில்லை. மாமியார் இறந்த அன்று குமாரி வந்து, வாசல் முகப்பான படிப்புரைக்கு வெளியே நின்றாள். உள்ளே விடவில்லை. உமையம்மாள் உள்ளே இருந்து பார்த்தாள். தண்ணீர் வேண்டுமா என்று போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ராஜையா இறந்த செய்தி ஆறு வருஷம் முன்பு பேப்பரில் வந்தபோது நீலகண்டன் படத்தைப் பார்த்து, பேப்பரை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். போகவில்லை.

இனி அந்தக் கிழக்கு நிலம். மொத்தம் இருபத்திரண்டு சென்ட். மேற்கே வீடு. கிழக்கே பாதி. அதில் ஆறு தென்னையும் உமையம்மாள் நட்ட மரச்சீனிக் கிழங்கும். வில்லேஜ் ஆபீசில் வேறு அவகாசிகள், அதாவது வாரிசுகள், உண்டா என்று கேட்டார்கள். பிள்ளை இல்லை, மாமியாரும் இல்லை. அப்படியானால் சட்டப்படி எல்லாம் பெண்டாட்டிக்குத்தான், தங்கைக்குச் சேராது. வேறு யாரும் இல்லை என்று உமையம்மாள் சொன்னாள். அது பொய்யும் அல்ல. நிலவரிக் கரம் கட்டின ரசீது இப்போது அவள் பேரில்தான் வருகிறது.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கேட்டவள் அவள் ஒருத்தி. அவள் வாய் திறக்காவிட்டால் அது இல்லாமலே போகும்.

சிஜியிடம் சுற்றி வளைத்து ஒருநாள் கேட்டாள், இந்த வாய்மொழி உயிலில் நிலமும் சேருமா என்று. சேராது டீச்சரே, நிலத்துக்கு அங்கேயும் எழுத்து வேணும், வாயால் சொன்னால் சட்டியும் கட்டிலும் ஆடும் மாடும்தான் போகும் என்றாள் சிஜி. இங்கேயோ அதுவும் போகாது. அன்று உமையம்மாள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். இரண்டு நாட்டுச் சட்டமும் அவள் பக்கம். அந்த நிம்மதி ஒன்பது பத்து நாள் நீடித்தது.

அதைக் கெடுத்தவன் ஒரு நெசவாளி. அவன் ஊரில் கொள்ளைநோய். நோய் கண்ட வீட்டை வெளியே இருந்து அடைத்துவிடுவார்களாம். உள்ளே அவனும், அவனைப் பார்க்க அமர்த்திய மார்கரெட் என்கிற விதவையும் மட்டும். சாவு நெருங்கியதும் அவன் சன்னலுக்கு வந்து, தெருவில் தூரமாக நின்ற இரண்டு பேரிடம் கத்திச் சொன்னான். காற்றில் அவர்களுக்குப் பாதிதான் கேட்டது. தறி அண்ணன் மகனுக்கு என்பது கேட்டது. மீதியை உள்ளே பக்கத்தில் நின்ற மார்கரெட்தான் பிறகு கோர்ட்டில் வந்து சொன்னாள். குமாஸ்தா எழுதியிருந்தான்: பித்தளைச் சட்டியைத் தன் சகோதரிக்குக் கொடுக்கச் சொன்னார், அவளை ஒரு பேர் சொல்லி அழைத்தார், அந்தப் பேரைச் சொல்ல இந்தச் சாட்சிக்கு வெட்கமாக இருக்கிறது.

உமையம்மாள் அதை இருக்கிறபடியே அடித்து அனுப்பினாள். அனுப்பினபிறகும் விடவில்லை. என்ன பேர் சொன்னான்? மரச்சீனிக்கு மண் அணைக்கும்போது அதே நினைப்பு. அந்தச் சகோதரி சட்டியை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் அண்ணன் கடைசியாகத் தன்னை என்ன சொன்னான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நல்லவள் மார்கரெட், நல்லதுதான் செய்தாள். ஆனாலும் சட்டியைக் கொடுத்துவிட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். இனி நானூறு வருஷம் அல்ல, நாலாயிரம் வருஷம் ஆனாலும் அந்தப் பேரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதை நினைத்தபோதுதான் உமையம்மாளுக்குத் தன்னுடைய திருட்டு தெரிந்தது. நிலத்தைச் சொல்லவில்லை. அதைவிடச் சின்னது ஒன்று.

இந்த ஏழு மாதமும் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பொழியூருக்குப் போனால் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. முதலில், கிழக்கே உள்ளதைத் தங்கச்சிக்குக் கொடு என்றார், என்று சொல்லிப் பார்த்தாள். அது கேட்க நன்றாக இருந்தது. இதே கருத்துள்ள வேறு சொற்கள்தானே. பிறகு, குமாரியைக் கூட்டிக்கொண்டு வந்து கிழக்கே வீடு வைத்து இருக்கச் சொல் என்றார், என்று கொஞ்சம் நீட்டினாள். அடுக்களைச் சன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு அடுக்களை, அங்கே ஒரு விளக்கு, அண்ணன் பெண்டாட்டியை மைனி என்று கூப்பிட்டு, உப்பு உண்டா என்று ஒரு சத்தம். அப்படியே நீண்டு நீண்டு ஒருநாள், உமையைத் தனியா விட்டிரக்கூடாதுன்னு குமாரிட்ட சொல்லு என்று நீலகண்டன் சொன்னதாக முடித்தாள். அன்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரிலே முகத்தையும் கழுவினாள்.

உண்மை என்னவென்றால், முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவள் தலையைத் தாங்கிப் பிடித்திருக்க, அந்த மனிதர் கடைசி மூச்சில் சொன்னது இன்னொருத்தியைப் பற்றி. அதை வெளியே சொன்னால் அதுவும் வெளியே தெரிந்துபோகும். இதுதான் அவளைக் கட்டிப் போட்டது. கிழக்குப் பாதிக்காக அவள் இத்தனை நாள் வாய் மூடி இருக்கவில்லை.

மார்கரெட்டைப் பற்றி நினைத்த மறுநாள் சிஜிக்கு, இன்றைக்குப் பக்கம் அனுப்ப மாட்டேன் என்று செய்தி போட்டுவிட்டு, காலைப் பஸ்ஸில் பாறசாலைக்குப் போய், அங்கே மாறிப் பொழியூர் பஸ் ஏறினாள்.

இறங்கிய இடத்தில் கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. எஞ்சின் ராஜையாவின் வீடு என்று கேட்டதும் ஒரு பெண் கை காட்டினாள். தார் ரோடு கொஞ்ச தூரம் போய்ப் பாதி ரொட்டியைக் கடித்துப் போட்டது போல நின்றது. அதற்கப்பால் கருங்கல் குவியல், கல்லுக்கு அப்பால் தண்ணீர். ஓரத்தில் கடைசி வீட்டின் வாசலில் ஒரு பெண் முறத்தால் மணலை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். நீலகண்டனின் நெற்றி, நீலகண்டனின் முட்டுக்கை.

குமாரி நிமிர்ந்து பார்த்தாள். அம்மை இறந்த அன்று வாசலுக்குள்ளே கண்ட முகம், ஒரே பார்வையில் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"வாருங்கோ மைனி," என்றாள். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. "மீன் மணம் உண்டு. மூக்கைப் பொத்தணும்னா பொத்திக்கோங்கோ."

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே போய்ச் சாயா போட்டுக்கொண்டே பேசினாள். அண்ணன் இறந்ததைப் பேப்பர் பார்த்துத்தான் அறிந்தாளாம், அப்போது சாம்பல்கூட ஆறியிருக்கும் என்றாள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் வந்து படிப்புரைக்கு வெளியே நின்றாவது பார்த்திருப்பேன், நின்று பழக்கம் உண்டு என்றாள். உமையம்மாள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். சொல்லி அனுப்பாதது அவள்தான். மழை, ஆள் இல்லை என்று காரணம் சொல்லலாம். சொல்லவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லும்போது குமாரியின் குரல் கொஞ்சம் இளகியது. முன்னால் இரண்டு வரிசை வீடுகள் இருந்தனவாம். இரண்டும் போய்விட்டன. "இப்ப நானாக்கும் முன் வரிசை. லீவு நாளுன்னா எனக்க வாசல்லே நின்னு போட்டோ எடுக்க ஆளு வருது," என்றாள். மகன் அபிலாஷ் அப்பன் வேலையைத்தான் பார்க்கிறான். போன மழையில் அலை அடுக்களை வரைக்கும் வந்து, அரிசிப் பானையை எடுத்துக்கொண்டு போனது. பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு இடம் தருவார்கள் என்று சொல்கிறார்கள். சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சாயா ஆறிக்கொண்டிருந்தது. உமையம்மாள் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒரு காரியம் சொல்லத்தான் வந்தேன். அவரு போறதுக்கு முன்ன ஒண்ணு சொன்னாரு. நான் மட்டுமாக்கும் கேட்டேன். வேற சாட்சி இல்ல."

குமாரி மறுபடி எடுத்த முறத்தைக் கீழே வைத்தாள்.

அந்த நேரத்தில் உமையம்மாளின் நாக்கு நுனியில் ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியங்களும் நின்றன. எதைச் சொன்னாலும் இவளால் இல்லை என்று மறுக்க முடியாது. கல்லில் ஓர் அலை அடித்து, தூவானம் வாசல் வரை வந்தது.

"கெழக்க உள்ளது அந்தச் சனியனுக்குக் குடுத்திரு. இப்பிடியாக்கும் சொன்னாரு."

குமாரி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சனியன்னா சொன்னான்?"

"ஆமா."

"தங்கச்சின்னு சொல்லல்ல? குமாரின்னு?"

"இல்ல. சனியன்னுதான்."

குமாரியின் முகம் முதலில் இறுகியது. பிறகு ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாள் என்று உமையம்மாள் எழும்பப் போனாள். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

"அப்ப அவனேதான்," என்றாள். "தங்கச்சிக்குக் குடுன்னு சொன்னான்னு நீங்க வந்து சொல்லியிருந்தா, இது மைனி வழியிலே உண்டாக்கினதுன்னு அறிஞ்சிருப்பேன். சாயாவைக் குடிச்சிட்டுப் போங்கோன்னு அனுப்பியிருப்பேன். அவனுக்க வாயிலே அந்த வார்த்தை வராது. சின்னதிலேயே வராது. எனக்குக் காச்சல் வந்தா, சனியன் சாப்பிட்டாளான்னுதான் அம்மைட்ட கேப்பான்."

பிறகு நேராகவே பேசினாள். நிலத்தை வாங்கிக்கொள்வேன் என்றாள். "வேண்டாம்னு சொல்லி நல்லவ ஆகதுக்கு எனக்கு இப்ப நேரமில்ல மைனி. கடலு அடுக்களைக்கு வந்தாச்சு." ஆனால் அங்கே வந்து இருக்க மாட்டாள். மகனுக்கு வேலை வள்ளத்திலே, வள்ளம் இங்கே. மலையடிவாரத்து வெள்ளறடையில் போய் எஞ்சின் பழுது பார்ப்பானா? கிழக்குப் பாதியை விற்று, கடல் எட்டாத தூரத்தில், ஆனால் கரைக்கு நடந்து வருகிற தூரத்தில், ஒரு துண்டு வாங்கி வீடு வைப்பார்கள்.

உமையம்மாள் தலையாட்டினாள். சரிதான் என்றாள். புதன்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு ஆதார் கார்டுடன் வந்தால் போதும், பத்திர எழுத்துக்காரரிடம் நானே சொல்லி வைக்கிறேன் என்றாள். அடுக்களைச் சன்னலுக்கு எதிரே அவள் மனசில் எழும்பியிருந்த அந்த இன்னொரு அடுக்களை, விளக்கோடும் சத்தத்தோடும் அப்படியே இல்லாமல் ஆயிற்று. இனி அங்கே யாரோ மதில் கட்டுவார்கள்.

"எப்பிடிச் சொன்னான்? கோவமாட்டா?" குமாரி கேட்டாள்.

கோபம் இல்லை என்றாள் உமையம்மாள். கெழக்க உள்ளது என்று சொல்லி நிறுத்தி மூச்சு வாங்கினார், ஓட்டில் மழை பெய்தது, பிறகு மீதியைச் சொன்னார் என்றாள். குமாரி அதை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னாள். எந்த இடத்தில் நிறுத்தினான் என்று கேட்டாள். அதையும் சொன்னாள். மூன்றாவது தடவை குமாரியின் உதடுகளும் கூடவே அசைந்தன, அதே இடத்தில் நின்றன. இனி அந்த வாக்கியம் குமாரிக்கு மனப்பாடம். ஏழு மாதமாக உமையம்மாளிடம் மட்டும் இருந்த பொருள், அவர் குரல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே பொருள், கை மாறிவிட்டது. நிலத்தைக் கொடுத்தபோது வலிக்காத ஓர் இடம் இப்போது வலித்தது.

குமாரி அதைக் கண்டாளோ என்னவோ. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"உங்களுக்க காரியம் ஒண்ணும் சொல்லல்லியா மைனி?"

ஒரு வார்த்தை போதும். உமையைப் பார்த்துக்கோ என்றார் என்று சொல்லிவிட்டால் இவள் மாதம் ஒரு தடவையாவது வருவாள். வராவிட்டாலும் போன் செய்வாள். ஊர் முழுக்க, கடைசியில் பெண்டாட்டியை நினைத்துத்தான் கண் மூடினார் என்று ஆகும். சாட்சி அவள் ஒருத்திதான்.

"இல்ல," என்றாள் உமையம்மாள். "எனக்க காரியம் ஒண்ணும் சொல்லல்ல."

சொன்னபிறகு ஆறிப்போன சாயாவை ஒரே மூச்சில் குடித்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் குமாரி கூட நடந்தாள். வழியில் இரண்டு பேருக்கு, எனக்க அண்ணனுக்க பெண்டாட்டி என்று அறிமுகம் சொன்னாள். ஓர் இடத்தில் காய்ந்த நெத்திலி வாங்கித் தரவா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பஸ் வளைந்து வருவது தெரிந்தபோது குமாரி, "உங்களுக்குத் தனியாட்டுச் சொல்லாண்டாம், அறிஞ்சிருக்கும்னு நெனச்சிருப்பான். கூடக் கெடந்தவளுக்கு யாரு சொல்லி வைப்பா?" என்றாள்.

உமையம்மாள் அவளைப் பார்த்தாள். "அது அவரு சொன்னது இல்ல குமாரி. நீ சொல்லுதது."

"ஆமா. நான்தான் சொல்லுதேன்," என்றாள் குமாரி.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. பாறசாலை வரைக்கும், பிறகு மாறி ஏறின பஸ்ஸிலும், ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. குமாரி சொன்னதை அவள் நீலகண்டன் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. வைக்க ஆசை இருந்தது, கையை எடுத்துக்கொண்டாள். பொழியூரில், பஸ் வருகிற நேரத்தில், நீலகண்டனின் தங்கை தன் வாயால் சொன்ன சொல் என்று அதை அப்படியே தன்னிடம் வைத்துக்கொண்டாள். வெள்ளறடையில் இறங்கி, கிழக்குப் பாதியின் ஓரமாக நடந்து, பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனாள்.